தியத்தலாவை வாசலில் மலையகம்

2030க்குள் இலங்கை இராணுவத்தில் ஒரு இலட்சம் பேர் மட்டுமே இருக்க வேண்டும். கடற்படையில் 40 ஆயிரம், விமானப்படையில் 18 ஆயிரம். பாதுகாப்பு அமைச்சு 2025இல் சொன்ன கணக்கு இது. இராணுவத்தைப் பொறுத்தவரை இது புதிதும் அல்ல. 200,783 என்றிருந்த அனுமதிக்கப்பட்ட ஆளணி முதலில் 135,000க்கும், 2030இல் ஒரு இலட்சத்துக்கும் இறக்கப்படும் என்று அன்றைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித பண்டார தென்னகோன் 2023 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார். இடையில் ஆட்சி மாறியது, ஜனாதிபதி மாறினார். இலக்கு மாறவில்லை. கஜானா காலியான நாடு, போர் முடிந்து ஒன்றரைத் தசாப்தம் கழிந்த பிறகு, இரண்டு இலட்சம் பேருக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்க முடியாது என்ற உண்மைக்குக் கட்சி பேதம் கிடையாது.

கொழும்பில் நடக்கும் விவாதம் முழுவதும் எண்ணிக்கையைச் சுற்றியே சுழல்கிறது. எத்தனை பேர் போவார்கள், எவ்வளவு மிச்சமாகும், போகிறவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள் என்பவை அவசியமான கேள்விகள்தான். ஆனால் ஹட்டனில் இருந்தோ நுவரெலியாவில் இருந்தோ பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிச்சமாகப் போகும் அந்த ஒரு இலட்சம் பேர் யார்? அவர்களை நடத்தப் போகும் அதிகாரிகள் எந்தப் பாடசாலையில், எந்த மொழியில் படித்தவர்கள்? அந்த அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி நம்முடைய மலையில்தான் நிற்கிறது. ஆனால் அதன் வாசல் நமக்கு ஒருபோதும் ஒழுங்காகத் திறந்ததில்லை.

ரயில் நிற்கும் ஊர்

ஹட்டனில் பதுளை ரயில் ஏறுங்கள். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா தாண்டி, பட்டிப்பொலையில் ஏற்றம் முடிந்து, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன வழியாக இறங்கினால் அப்புத்தளை. அதற்கு அடுத்த நிலையம் தியத்தலாவை. அதுவரை இரண்டு பக்கமும் தேயிலையும் லயமுமாக வந்த காட்சி இங்கே சட்டென்று மாறும். புல் மண்டிய மொட்டைக் குன்றுகள், வரிசை பிசகாத பாசறைக் கட்டடங்கள், ஒரு குன்றின் சரிவில் வெள்ளையாகத் தெரியும் ஒரு நரியின் உருவம். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ‘பொக்ஸ்’ என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் போட்ட அடையாளம் அது என்பார்கள். அதற்கும் முன்னால், 1900இல், தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து அடைத்த முகாம் இங்கேதான் இருந்தது.

1950இல் புதிய இராணுவத்தின் பயிற்சி நிலையம் இதே இடத்தில் தொடங்கியது. அப்போது இங்கே பயின்றவர்கள் சிப்பாய்கள். அதிகாரியாக வேண்டியவர்கள் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டுக்கோ வேறு வெளிநாட்டுக் கல்லூரிக்கோ போனார்கள். 1968இல்தான் பயிலிளவல் அதிகாரிகளை உள்ளூரிலேயே பயிற்றத் தொடங்கினார்கள். 1981இல் அது இலங்கை இராணுவக் கல்லூரி ஆனது. அன்று முதல் இந்த இராணுவத்தின் நிரந்தரப் படை அதிகாரிகளில் பெரும்பாலோர் இந்த ஊர்க் குளிரில் ஓடி, இந்த ஊர் மண்ணில் தவழ்ந்து வெளியேறியவர்கள்தான். பயிற்சி முடிந்து வெளியேறும் அணிவகுப்பு நாளில் தெற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் குடும்பங்கள் வாகனம் பிடித்து வருகின்றன. அன்றிரவு விருந்தில், மகனின் தோளில் இரண்டாம் லெப்டினன்டுக்குரிய அந்த ஒற்றைச் சின்னத்தைப் பூட்டுவது அவனைப் பெற்றவர்கள்.

கல்லூரிக்கு நாலா பக்கமும் தேயிலைத் தோட்டங்கள். அப்புத்தளை, பண்டாரவளை, பூணாகலை என்று எந்தப் பக்கம் போனாலும் தமிழ்க் குடும்பங்கள். காலை பெரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, மாலையில் மடுவத்தில் நிறுத்துத் திரும்பும் அந்தக் குடும்பங்களில் இருந்து அந்த இரவு விருந்துக்குப் போன தாய் தகப்பன் அரிதிலும் அரிது.

துரைமாரின் படை

மலையகத்துக்கென்றே ஒரு படை இருந்தது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை அது. தலைமையகம் கண்டி. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நடத்திய ஐரோப்பியத் துரைமாரும் சின்னத்துரைமாரும் மட்டுமே அதில் சேரலாம். முதலாம் உலகப் போர் தொடங்கிய உடனே, 1914 ஒக்டோபரில், 8 அதிகாரிகளும் 229 பேரும் கப்பலேறி எகிப்துக்குப் போனார்கள். கலிப்பொலியில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை நடத்திய ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவலாக நின்றவர்கள் அவர்களே. சாதாரண வீரராகப் போன துரைமார் பலரை, ஆட்களை நடத்திப் பழகியவர்கள் என்று பார்த்து, பிரித்தானிய, இந்தியப் படைகள் அதிகாரிகளாக எடுத்துக்கொண்டன.

ஆட்களை நடத்தி எங்கே பழகினார்கள்? நம்முடைய பாட்டன் பாட்டிமாரை நடத்தித்தான். பெரிய துரை, சின்னத்துரை, கண்டக்கையா, கணக்கப்பிள்ளை, கங்காணி, அதற்கும் கீழே பேர் போடப்படும் ஆள் என்று இறங்கும் படிநிலையை வைத்துத் தோட்டத்தை ஆண்டவர்களுக்கு இராணுவ அதிகாரம் கைவந்த கலையாக இருந்தது. அந்தப் படிநிலையின் அடியில் இருந்தவர்களுக்குப் படையில் இடமே இல்லை. நாட்டின் ஏற்றுமதி வருமானத்தைத் தூக்கி நிறுத்திய மக்களிடம் துப்பாக்கியைக் கொடுக்கக் கூடாது என்பதில் வெள்ளையர் தெளிவாக இருந்தார்கள். 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய கோவிந்தன் பொலிஸ் குண்டுக்குப் பலியானார். ஆயுதத்துக்கும் நமக்கும் அந்தக் காலத்தில் இருந்த உறவு அதுதான்.

துரைமார் படை 1949இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் 17ஆம் இலக்க இராணுவச் சட்டம் வந்து, ஒக்டோபர் 10ஆம் திகதி சுதந்திர இலங்கையின் இராணுவம் பிறந்தது. மலையகத் தமிழருக்கு 1949 என்றால் வேறொரு நினைவு. முந்தைய ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1949இன் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையையும் எடுத்துக்கொண்டது. 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம் இரண்டே ஆண்டுகளில் நாடற்றதாகிவிட்டது. நாட்டுக்கு ஒரு படை பிறந்த ஆண்டிலேயே நமக்கு நாடு இல்லாமல் போனது. குடிமகன் அல்லாதவன் எந்தப் படையிலும் சேர முடியாது. பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974இல் மிச்சம் இருந்தவர்களையும் பங்கு போட்ட இன்னொரு ஒப்பந்தம், 1988இல் ஒரு சட்டம், 2003இல் ஒரு சட்டம் என்று இந்தக் கணக்கு முழுதாகத் தீர 55 ஆண்டுகள் எடுத்தன. இராணுவம் தன் அதிகாரிக் கூட்டத்தை உருவாக்கி, இரண்டு மூன்று தலைமுறை வளர்த்து முடித்த காலம் அது.

மூன்று முறை மாறிய அதிகாரி

இந்த இராணுவத்தின் முதல் இலங்கைத் தளபதி ஒரு தமிழர் என்பது இன்று பலருக்குத் தெரியாது. 1955 முதல் 1959 வரை படையை நடத்திய அன்ரன் முத்துக்குமாரு அவர். அந்தக் காலத்து அதிகாரிகள் கொழும்பின், கண்டியின் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர்கள். சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் என்று கலந்திருந்தார்கள். அவர்களை ஒன்றாக இணைத்தது ஆங்கிலமும் வர்க்கமும். இனம் பார்க்காத அந்தக் கூட்டம், தோட்டத்துப் பிள்ளையைப் பொறுத்தவரை எட்டாத உயரத்தில் இருந்தது. முத்துக்குமாரு தளபதியாக இருந்ததை நினைத்துப் பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் அவர் வந்த உலகத்துக்கும் திக்கோயாவின் லய அறைக்கும் இருந்த தூரம், அவருக்கும் அவருடைய சிங்கள நண்பர்களுக்கும் இருந்ததை விடப் பல மடங்கு அதிகம்.

1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு நடக்கவிருந்த இராணுவச் சதி, நடப்பதற்குள் வெளியே வந்தது. கேணல் எப். சி. டி சேரம் முதலானோர் மீது வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சிங்களவரோடு தமிழரும் பறங்கியரும் இருந்தார்கள். தண்டனை பெற்ற 11 பேரையும் 1965 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் விடுவித்தது. ஆனால் படைக்குள் ஏற்பட்ட முறிவு ஆறவில்லை. அரசு நம்பக்கூடிய அதிகாரி யார் என்ற கேள்விக்கு அதன்பின் ஒரே விடைதான் இருந்தது: சிங்கள பௌத்தக் கிராமத்தில் இருந்து வருகிறவர். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் ஏற்கெனவே வழியைப் போட்டிருந்தது. 1968இல் பயிற்சி தியத்தலாவைக்கு வந்ததும் அதிகாரியாவதற்கு ஆங்கிலப் பின்னணி கட்டாயம் இல்லை என்றாயிற்று. சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு அது பெரிய விடுதலை, அதை நான் மனமார வரவேற்கிறேன். தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கதவு மூடி இன்னொரு கதவும் மூடியது.

மூன்றாவது மாற்றம் போர். 1983க்கு முன் பத்துப் பன்னிரண்டாயிரம் அளவில் இருந்த இராணுவம் 2009இல் இரண்டு இலட்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் மலையகத்துக்கும் படைக்கும் இருந்த உறவைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தேவையில்லை. 1977, 1981, 1983 என்று இன வன்முறைகளில் அடுத்தடுத்து அடி வாங்கி, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்த தோட்டக் குடும்பங்கள் 2009இல் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் என்ன அனுபவித்தன என்பது உலகறிந்தது. கொழும்பில் கடைகளில் வேலை பார்த்த நம் பையன்கள் அடையாள அட்டையோடு விறைத்து நின்ற சோதனைச் சாவடிகளை யாரும் மறக்கவில்லை. தியத்தலாவைக்குச் சில மைல் தள்ளிப் பிந்துனுவெவ இருக்கிறது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி, அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து இருபதுக்கும் அதிகமான தமிழ் இளைஞர்களை அடித்தும் எரித்தும் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தவர்களை 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

‘ஆமி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தோட்டத்துத் தாய் முகம் சுருங்கினால் அதற்கு இத்தனை காரணங்கள் இருக்கின்றன. மகனை அங்கே அனுப்ப மாட்டேன் என்று அவர் சொன்னால், அந்தச் சொல்லுக்கு முன்னால் நான் வாதம் செய்ய மாட்டேன்.

மண் சரிந்த பிறகு

ஆனாலும் இந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட முடியவில்லை. காரணம், படை நம் லயத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. கையில் மண்வெட்டியோடு வந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழையில், முழங்கால் சேற்றில், நாட்கணக்காக உடல்களைத் தேடியவர்கள் இராணுவச் சிப்பாய்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் அடித்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்தது. அப்போதும் பாதை வெட்டியும் ஆட்களைத் தூக்கியும் நின்றவர்களில் படையினர் முன்னால் இருந்தார்கள். அந்த உழைப்புக்கு நன்றி சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனால் மண் சரிவில் மொழியே உயிர். எந்த லயத்தின் எந்த அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், பிள்ளைக் காம்பராவில் குழந்தை இருந்ததா, மேல் கணக்கில் ஊற்று எந்தப் பக்கம் வெடித்தது என்பதெல்லாம் தோட்டத்து ஆட்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வது தமிழில். கட்டளை கொடுக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டால் நடுவில் ஒருவர் நின்று மொழிபெயர்க்க வேண்டும். அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மண்ணுக்கடியில் இருப்பவரின் நிமிடம். டிட்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்ததை நாடே கேட்டது.

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 2007 ஜூலைக்குப் பின் சேரும் அரச அலுவலர்கள் ஐந்து ஆண்டுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. கிராம அலுவலருக்கு உரிய இந்த அளவுகோல், ஒரு பேரிடரில் நூறு உயிரைக் கையில் வைத்திருக்கும் கப்டனுக்கும் இருக்க வேண்டாமா?

குறையும்போது என்ன நடக்கும்

இப்போது எண்ணிக்கைக்குத் திரும்புவோம். யாரையும் திரளாக வீட்டுக்கு அனுப்பாமலே படை சுருங்க வழி இருக்கிறது. சாதாரண படைவீரர் 22 ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியத்தோடு விலகலாம். 2005க்கும் 2009க்கும் இடையில் போருக்காகப் பெருந்தொகையாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு அந்த 22 ஆண்டு 2027இல் இருந்து நிறைவடையத் தொடங்குகிறது. அவர்கள் போகும் இடத்தை நிரப்பாமல் விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்தியா 2022இல் ‘அக்னிபத்’ என்று நான்கு ஆண்டுச் சேவையைக் கொண்டுவந்து, நால்வரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளும் வழியில் போனது. அந்த முறையை விட இலங்கையின் வழி மனிதாபிமானமானது என்பது என் எண்ணம். ஆனால் இதிலும் விபரீதம் உண்டு. விலகிய படைவீரர்கள் சிலர் கூலிக்காக ரஷ்ய–உக்ரைன் போர்முனைக்குப் போனார்கள். குறைந்தது 16 பேர் இறந்ததாக அரசே 2024 மே மாதம் சொன்னது. நாட்டுக்குள் நிற்பவர்களோ கொழும்பின் பாதுகாவலர் நிறுவனங்களுக்கு முன்னால், ஹட்டனில் இருந்து வேலை தேடிப் போன நம் பையன்களுக்குப் பக்கத்திலேயே வரிசையில் நிற்கிறார்கள்.

சிப்பாய்களின் எண்ணிக்கை குறையும் படையில் அதிகாரியின் கனம் கூடும். ஆள் பலத்தை விட்டுத் தொழில்நுட்பத்துக்கு மாறும் எந்தப் படையும் படித்த அதிகாரியை நம்பியே இயங்குகிறது. அதற்கான அடுக்குகளை இலங்கை ஏற்கெனவே கட்டிவிட்டது. 1981இல் சட்டம் வழியாக அமைந்த இரத்மலானை கொத்தலாவலை பாதுகாப்புக் கல்விக்கழகம் இன்று பல்கலைக்கழகம். பட்டம் படித்துக்கொண்டே பயிலிளவல்களாக இருப்பவர்கள் பின்னர் தியத்தலாவைக்கு வருகிறார்கள். இடைநிலை அதிகாரிகளுக்குப் புத்தளை, பதவி உயர்வுக்குச் சப்புகஸ்கந்தைப் பதவிநிலைக் கல்லூரி, அதற்கும் மேலே 2021இல் தொடங்கிய தேசிய பாதுகாப்புக் கல்லூரி. இந்த ஏணியின் முதல் படி உயர்தரப் பெறுபேறு. கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலையில் படித்த பிள்ளைக்கு அந்த முதல் படியே இடுப்பளவு உயரம்.

ஆகவே படை சிறிதாகும்போது வாசல் தானாக இன்னும் ஒடுங்கும். ஆண்டுக்கு எடுக்கும் பயிலிளவல்கள் குறைவார்கள், போட்டி கூடும், பழைய பாடசாலைகளின் பிள்ளைகளே திரும்பத் திரும்ப வருவார்கள். ஒரு இலட்சம் என்று ஆன பிறகு போய்க் கதவைத் தட்டினால், வெற்றிடம் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும்.

கடலுக்கு அப்பால் ஒரு வெலிங்டன்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் இந்தியாவின் பாதுகாப்புச் சேவைகள் பதவிநிலைக் கல்லூரி இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டின் மையமும் அங்கேதான். அதைச் சுற்றியுள்ள மலைகளில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழக அரசு தேயிலை நட்டது. அதுவே ‘டான்டீ’. அந்தக் கல்லூரிக்கு இலங்கை அதிகாரிகளும் படிக்க வருவதுண்டு. 2013இல் முதலமைச்சர் ஜெயலலிதா அதை எதிர்த்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒரே தோட்டத்தில் ஒன்றாகக் கொழுந்து பறித்த அண்ணன் தம்பியில் ஒருவர் கப்பலேறிக் கோத்தகிரிக்குப் போனார், ஒருவர் ஹட்டனில் தங்கினார். போனவரின் பேரன் விரும்பினால் சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். தமிழன் என்பதால் அவனை யாரும் ஏற இறங்கப் பார்க்கப் போவதில்லை. டான்டீக் குடும்பங்களுக்கும் வீடு, வேலை என்று தீராத துயரங்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் தங்கியவரின் பேரனுக்குத் தியத்தலாவை அந்த அளவு இயல்பான இடமாக இன்னும் ஆகவில்லை.

கேட்க வேண்டியது

தோட்டம் தோட்டமாக வண்டி அனுப்பி, வறுமையைக் காட்டி இளைஞர்களை ஏற்றிக்கொண்டு போகும் ஆட்சேர்ப்பு நமக்கு வேண்டாம். 2012இல் கிளிநொச்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களைப் படையில் சேர்த்தபோது எழுந்த சந்தேகங்கள் நியாயமானவை. நாட்கூலிக்காகப் பல ஆண்டு போராடும் சமூகத்தின் பிள்ளைக்கு, வேறு வழி இல்லாததால் எடுக்கும் முடிவைத் தேர்வு என்று சொல்ல முடியாது. நாம் கேட்பது கீழ்ப்படி அல்ல. கட்டளையிடும் படி. மலையகத்தில் இருந்து மருத்துவரும் பொறியியலாளரும் நிர்வாக சேவை அதிகாரியும் வருவதுபோல, விரும்பும் பிள்ளைக்கு, அது ஆணோ பெண்ணோ, இராணுவ அதிகாரியாகும் உரிமையும் வழியும் இருக்க வேண்டும். படைக்குள் தமிழில் யோசிக்கும் அதிகாரிகள் இல்லாத நாட்டில், அந்தப் படையைத் தமிழர்கள் தங்களுடையது என்று ஒருபோதும் நினைக்கப் போவதில்லை. அந்த இழப்பு தமிழருக்கு மட்டும் உரியது அல்ல.

2030ஐ முன்வைத்து நடக்கும் இந்தப் படைக் குறைப்புத் திட்டத்தில் இதை எழுத்தில் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது. பயிலிளவல் விண்ணப்ப அறிவித்தலும் நேர்முகத் தேர்வும் தமிழில், ஹட்டனிலும் பதுளையிலும் நடக்க வேண்டும். தியத்தலாவையில் பயிலும் ஒவ்வொரு அதிகாரியும் பேச்சுத் தமிழில் தேறாமல் வெளியேறக் கூடாது. பதவி உயர்வுக்கும் அது நிபந்தனையாக வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தர விஞ்ஞான ஆசிரியர்கள் வராமல் இவற்றில் எதுவும் பலிக்காது என்பதால் கல்வி அமைச்சும் இந்த மேசையில் உட்கார வேண்டும்.

இதற்கான முதல் வேலையை எங்கள் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் நாளைக்கே செய்யலாம். பாதுகாப்பு அமைச்சின் செலவினத் தலைப்பு சபையில் விவாதத்துக்கு வரும் நாளில் இந்தக் கேள்வியை எழுதிக் கொடுங்கள்: கடந்த பத்து ஆண்டுகளில் தியத்தலாவையில் இருந்து வெளியேறிய அதிகாரிகளில், நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் படித்தவர்கள் எத்தனை பேர்? அமைச்சர் சொல்லும் பதில் ஹன்சார்ட்டில் பதியட்டும்.